பகை நாட்டு விருந்தாளி

எழுபதுகளில் மயிலாப்பூர் லஸ்ஸில் 29சி பஸ்ஸைப் பிடித்து அடையாறு பாலத்தைத் தாண்டினால் காற்றே வேறாக இருக்கும். மாடவீதியின் கற்பூரமும் காப்பிக்கொட்டை வாசனையும் பின்னால் போய், ஆற்றுச் சேற்றின் உப்பு வாசனை ஜன்னல் வழியே வரும். இடது கைப் பக்கம் பிரம்மஞான சபையின் தோட்டம். ஆற்றங்கரையில் தொடங்கிக் கடற்கரை வரைக்கும் ஏறத்தாழ 260 ஏக்கர். உள்ளே ஓர் ஆலமரம். வயது நானூறு தாண்டும் என்பார்கள். 1989 புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் மட்டும் இன்றும் தனித்தனி மரங்களாக நிற்கின்றன. அதே தோட்டத்தில் இந்துக் கோயில், பௌத்த ஆலயம், தேவாலயம், மசூதி எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

தோட்டத்தை ஒட்டிய பெசன்ட் அவென்யூவில் முத்துலட்சுமி ரெட்டியின் ஔவை இல்லம். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் வாதாடியவர் அவர். அந்தப் பெண்களின் கலையான சதிரைக் கற்று மேடையேறிய ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திராவும் முதலில் இதே வட்டாரத்தில்தான் இருந்தது. எதிரெதிர்க் கருத்துடைய இரண்டு பெண்கள் ஒரே தெரு வழியாகப் போய்வந்த ஊர் அது. அடையாறில் இது யாருக்கும் வியப்பாகவே இருந்ததில்லை. நான் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருவில் யார் வீட்டில் யார் சாப்பிடலாம் என்பதற்கே ஆயிரம் கணக்கு இருந்தது. அதனால் ஆசிரியர் பயிற்சிக்காக இந்தப் பக்கம் வரத் தொடங்கியபோது எனக்கு அது பெரிய அதிசயமாகத் தெரிந்தது.

பயிற்சி வகுப்பின் சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தார்கள். பருத்த உடல், வெள்ளை உடை, கழுத்தில் மாலை, கனிந்த முகத்தோடு ஒரு மூதாட்டி. மரியா மாண்டிசோரி. எங்கோ இத்தாலியில் வாழ்ந்து மறைந்தவர் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் இதே அடையாறில் இருந்தார், உலகப்போர் நடந்த ஆண்டுகள் ஏறத்தாழ முழுவதையும் இந்தியாவிலேயே கழித்தார், அதில் ஒரு பகுதியைப் பகை நாட்டுக்காரியாகக் கண்காணிப்பில் கழித்தார் என்பதையெல்லாம் எங்கள் ஆசிரியை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் தோட்டத்தின் மதில் ஓரமாகவே வெகுநேரம் நடந்துகொண்டிருந்தேன்.

மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்தது 1939ஆம் ஆண்டின் கடைசியில். அப்போது அவருக்கு வயது 69. அந்த வயதுக்குள் மூன்று நாடுகள் அவருக்கு இல்லாமல் போயிருந்தன. சொந்த நாட்டில் முசோலினியோடு ஒத்துப்போக முடியாமல் 1934இல் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அதே கதிதான். அங்கே அவருடைய நூல்களை எரித்தார்கள். பார்சிலோனாவில் குடியேறியிருந்தவரை 1936இல் ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் துரத்தியது. ஒரு பிரிட்டிஷ் கப்பலில் தப்பித்து, கடைசியில் ஹாலந்து போய்ச் சேர்ந்தார். அங்கிருந்தபோதுதான் அடையாறிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவியின் கணவர்.

யோசித்துப் பார்த்தால் இந்த மூவரும் ஒரு கூரையின் கீழ் சேர்ந்திருக்கவே காரணமில்லை. மாண்டிசோரி கத்தோலிக்கர். பிரம்மஞானிகளோடு அவர் பழகியதைக் கத்தோலிக்க வட்டாரத்தில் பலர் ரசிக்கவில்லை. அருண்டேல் ஆங்கிலேயர், போர் வந்ததும் பிரிட்டனின் பக்கம் உறுதியாக நின்றவர். ருக்மிணி மதுரையில் பிறந்த பிராமணப் பெண். பதினாறு வயதில் தன்னைவிட இருபத்தைந்து வயதுக்கும் மேல் மூத்த வெள்ளைக்காரரை 1920இல் மணந்தார். அதற்காகச் சென்னையின் பெரிய குடும்பங்கள் அவரைத் தூற்றின. 1935 டிசம்பரில் அடையாறில் மேடையேறி ஆடியபோது மறுபடியும் தூற்றின. தேவதாசி மரபில் வந்த மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் அபிநயம் கற்றதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. ஊர் தள்ளிவைத்தால் எப்படியிருக்கும் என்பதை அந்த வீட்டில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நட்பு அங்கேதான் முளைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடையாறில் அம்மையார் நடத்திய முதல் ஆசிரியர் பயிற்சிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறு பேர் அளவுக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தனை பேரையும் தங்கவைக்கக் கட்டடம் இல்லை. தோட்டத்தில் கீற்றுக் குடிசைகள் போட்டார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். பக்கத்தில் நின்று மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார். கேட்டவர்களின் தாய்மொழி தமிழ், குஜராத்தி, சிங்களம் என்று பலவாக இருந்தது. இலங்கையிலிருந்து வந்து பயின்ற லீனா விக்ரமரத்ன பின்னால் கொடைக்கானலில் அம்மையாருக்கு வலக்கையாக இருந்தார்.

சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் தாயும் மகனும் வந்திருந்தார்கள். 1940 ஜூன் 10ஆம் தேதி இத்தாலி போரில் இறங்கியது. உடனே இந்தியாவிலிருந்த இத்தாலியர் எல்லாரும் பகை நாட்டவர் ஆனார்கள். மரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையாருக்கு அடையாறு தோட்டமே எல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டிஷ் கப்பலில் உயிர் பிழைத்தவர், இப்போது பிரிட்டிஷ் அரசின் காவலில். மரியோவின் நான்கு குழந்தைகளோ ஹாலந்தில். அந்த நாட்டை ஜெர்மன் படை ஒரு மாதம் முன்னால்தான் பிடித்திருந்தது. மகன் ஒரு முகாமில், பேரக்குழந்தைகள் எதிரி பிடித்த நாட்டில், தான் மட்டும் மொழி தெரியாத ஓர் ஊரின் ஆற்றங்கரையில். எழுபதை நெருங்கும் ஒரு தாயின் நெஞ்சு அந்த நாட்களில் எப்படிக் கிடந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கலங்கும்.

அருண்டேல் அவரை விருந்தாளியாகவே வைத்திருந்தார். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1917 ஜூனில் சபையின் அப்போதைய தலைவர் அன்னி பெசன்டையும் அவருடைய சகாக்களான பி.பி.வாடியாவையும் அருண்டேலையும் ஹோம் ரூல் இயக்கத்துக்காகச் சென்னை அரசு பிடித்து ஊட்டியில் காவலில் வைத்தது. செப்டம்பரில்தான் விட்டது. தன் சொந்த அரசே தன்னைச் சிறைவைத்ததை அனுபவித்தவர் அவர். இப்போது அதே அரசின் போரை ஆதரித்துக்கொண்டே, அந்த அரசு எதிரி என்று முத்திரை குத்திய பெண்ணுக்குத் தன் வளாகத்தில் இடம் கொடுத்தார். இரண்டையும் ஒருசேரச் செய்ய மனத்தெம்பு வேண்டும். தேசபக்தி என்ற பேரில் அண்டை வீட்டுக்காரரைச் சந்தேகப்படச் சொல்லும் காலங்களில் நான் அருண்டேலை நினைத்துக்கொள்வேன்.

1940 ஆகஸ்ட் 31. அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. உங்களுக்குப் பரிசாக என்ன தரலாமென்று யோசித்தோம், உங்கள் மகனையே திருப்பித் தருகிறோம் என்பது அதன் சாரம். மரியோ விடுதலையானார். திருமணம் ஆகாமல் பெற்ற பிள்ளை என்பதால் அதுவரை நாற்பது ஆண்டுகளாக அவரை உறவுப் பையன் என்றும் வளர்ப்பு மகன் என்றும்தான் உலகத்துக்குச் சொல்லி வந்தார்கள். பகை நாட்டின் அரசு அனுப்பிய அந்தத் தாள்தான் அவரை வெளிப்படையாக மகன் என்றது. எங்கள் ஆசிரியை இதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வகுப்பில் யாரும் பேசவில்லை.

அதன்பிறகு இருவருக்கும் பயணம் செய்யவும் பாடம் நடத்தவும் மெல்ல மெல்ல அனுமதி கிடைத்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பையும் மறுநாளே விசாகப்பட்டினத்தையும் தாக்கியபோது சென்னை நடுங்கிப்போனது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் ஜனங்கள் ஓடினார்கள். என் பாட்டி அந்த ஓட்டத்தைப் பற்றிச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொண்டு வெள்ளிக் கிண்ணங்களை மறந்துவிட்டுப் போனார்களாம். மாண்டிசோரி அம்மையார் அந்த ஆண்டுகளைக் கொடைக்கானலில் கழித்தார். செடியையும் பூச்சியையும் நட்சத்திரத்தையும் ஒரே கதையாகக் குழந்தைக்குச் சொல்லும் கல்விமுறை அங்கேதான் முழு உருப் பெற்றது. உலகமே ஒன்றையொன்று கிழித்துக்கொண்டிருந்தபோது அவர் குழந்தைகளுக்கு, இந்தப் பிரபஞ்சத்தில் எதுவும் மற்றதன் உதவி இல்லாமல் நிற்பதில்லை என்று காட்டிக்கொண்டிருந்தார்.

போர் முடிந்த அடுத்த ஆண்டு, 1946 ஜூலையில், ஐரோப்பா திரும்பினார். பேரக்குழந்தைகள் உயிரோடிருந்தார்கள். அருண்டேல் 1945 ஆகஸ்டில் காலமாகியிருந்தார். ஆனாலும் அடையாறோடு இருந்த பந்தம் அறவில்லை. 1947இல் அம்மையார் மறுபடி வந்தார். அடையாறிலும் அகமதாபாத்திலும் பயிற்சி நடத்தினார். ருக்மிணி தேவி அவருடைய நூல்களைக் கலாக்ஷேத்திரா பதிப்பாகவே கொண்டுவந்தார். 1946இல் ‘எஜுகேஷன் ஃபார் எ நியூ வேர்ல்ட்’, 1948இல் ‘டு எஜுகேட் தி ஹ்யூமன் பொட்டென்ஷியல்’. இன்று உலகம் முழுக்க ஆசிரியர்கள் படிக்கும் ‘தி அப்சார்பென்ட் மைண்ட்’ முதலில் அச்சானதும் இங்கேதான், 1949இல் பிரம்மஞான சபையின் பதிப்பகத்தில். குழந்தைகளைப் பற்றி அந்த நூற்றாண்டு கண்டுபிடித்த முக்கியமான உண்மைகளில் சில அடையாறில் மை பூசிக்கொண்டு வெளிவந்திருக்கின்றன. இதை நம் ஊர்க்காரர்களே அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது 1907 ஜனவரி 6. கலாக்ஷேத்திரா தொடங்கப்பட்டது 1936 ஜனவரி 6. தற்செயல்தான். ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

பயிற்சியில் எங்களுக்கு உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய தமிழ் எழுத்துகளைக் கொடுத்தார்கள். குழந்தை ‘அ’வின் மேல் இரண்டு விரலை வைத்து இழுக்க வேண்டும்; கண்ணுக்கு முன் விரல் படிக்கும். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிய என் தாத்தா இதைப் பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார். விஜயதசமியன்று தாம்பாள அரிசியில் விரலைப் பிடித்து எழுதவைத்த என் அம்மாவுக்கும் புரிந்தது. இளஞ்சிவப்புக் கோபுரக் கட்டைகள், மணிச்சரங்கள், துளையில் பொருந்தும் மர உருளைகள் என்று எல்லாமே கைக்கு வேலை கொடுக்கும் பொருள்கள். கூடவே பெருக்குவது, தண்ணீர் ஊற்றுவது, பாய் சுருட்டுவது. மனசு குலைந்த குழந்தையை முதலில் கைதான் தேற்றும் என்பது அம்மையாரின் கண்டுபிடிப்பு. முதல் உலகப்போர் நடந்தபோதே, 1917இல், போரில் சிதைந்த குழந்தைகளைத் தேற்றுவதற்கென்று செஞ்சிலுவைபோல ஒரு வெண்சிலுவைச் சங்கம் வேண்டுமென்று அவர் கேட்டிருந்தார். அது நடக்கவேயில்லை. பயிற்சியின்போது இதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். அதன் அர்த்தம் பிடிபட்டது 1990இல்தான்.

அந்த ஆண்டு ஜூனில் இலங்கையில் மறுபடி போர் மூண்டது. ராமேஸ்வரம் கரையில் படகு படகாக வந்து இறங்கினார்கள். அப்போது நான் அடையாறில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெண் குழந்தையை அதன் அம்மா கூட்டிக்கொண்டு வந்தாள். வயது ஐந்து. திருவான்மியூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்கள். வாசலில் எல்லாக் குழந்தைகளும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர, அவள் மட்டும் செருப்பைத் தன் துணிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து மடியிலேயே வைத்துக்கொள்வாள். வெளியே வைக்கச் சொன்னால் முகம் இறுகிவிடும். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். “ஓடவேணும் எண்டால் செருப்புத் தேட ஏலாது, ரீச்சர்” என்றாள். அழவில்லை. ஊரில் எல்லாரும் அறிந்த சங்கதியை எனக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

எனக்குப் படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் உதவவில்லை. உதவியவர் எங்கள் பள்ளி ஆயா. ஊரூர் குப்பத்தைச் சேர்ந்தவர், மீனவர் வீட்டுப் பெண்மணி, கையெழுத்துப் போட மட்டும் தெரியும். இலங்கையில் என்ன நடக்கிறது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீடு அவருடையது என்பது எங்களுக்குத் தெரியும். அவர் அந்தக் குழந்தையிடம் ஒன்றுமே விசாரிக்கவில்லை. ஒருநாள் காலையில் வாசல்படியில் உட்கார வைத்து, “கண்ணு, இந்தச் செருப்பெல்லாம் இன்னிலேர்ந்து உன் பொறுப்பு. ஒண்ணுகூட காணாமப் போவக் கூடாது, சரியா?” என்றார்.

“ஓம், ஆச்சி.”

தினமும் முதல் ஆளாக வந்து, முப்பது ஜோடிக்கும் மேற்பட்ட செருப்புகளைச் சின்னது பெரிது பார்த்து வரிசையாக அடுக்குவாள். மணியடித்ததும் முதல் ஆளாக ஓடிவந்து எண்ணிப் பார்ப்பாள். ஆயா கூடவே நின்று எண்ணுவார். அவர் எண்ணக் கற்றுக்கொண்டது அந்தக் குழந்தையோடு சேர்ந்துதான். முதலில் தன்னுடையதைப் பையிலேயே வைத்திருந்தாள். தசரா விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் வரிசையின் கடைசியில் ஒரு புது ஜோடி இருந்ததை ஆயாதான் எனக்குக் காட்டினார். அன்று அவள் வெறும் மடியோடு உட்கார்ந்து உப்புத்தாள் எழுத்தின் மேல் விரல் ஓட்டினாள். அதற்கு முன் அவள் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் வேலைக்குக் கொடுத்ததேயில்லை.

மதிய வேளைகளில் ஆயாவின் தூக்கு டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்புச் சோறு அவளுக்குப் போகும். அவளுடைய அம்மா கொடுத்தனுப்பும் புட்டு ஆயாவுக்கு வரும். யாழ்ப்பாணத்துப் பேச்சு ஆயாவுக்குப் பாதிதான் விளங்கும். குப்பத்துப் பேச்சு குழந்தைக்கும் அப்படித்தான். இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலையுண்டார். அதற்குப் பிறகு சென்னையில் ஈழத்தமிழரின் நிலை மாறிப்போனது. வீடு கொடுத்தவர்கள் காலி செய்யச் சொன்னார்கள். போலீசில் பதிவு, விசாரணை, தெருவில் பேச்சைக் கேட்டதும் திரும்பும் முகங்கள். குழந்தையின் அம்மா பஸ்ஸில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவளைத் தோட்டத்துக்குள் நிறுத்திய அந்தப் ‘பகை நாட்டவர்’ என்ற பார்வை எங்கள் வாசலுக்கே வந்தது. பெற்றோர்களில் சிலர் என்னிடம் அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்டார்கள். பதில் சொன்னது ஆயா: “கொழந்தைங்க இதுல எங்கம்மா வருது?” அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் பள்ளி விட்டதும் குழந்தையைக் கையில் பிடித்துத் திருவான்மியூர் வரை நடந்து கொண்டுபோய் விட்டவர் அவர்தான். அடுத்த வருஷம் அவர்கள் கனடா போய்விட்டார்கள்.

மாண்டிசோரியின் ஒரு புத்தகத்தைக்கூட அந்த ஆயா தொட்டதில்லை. ஆனாலும் அம்மையார் வெண்சிலுவைச் சங்கத்துக்குத் தேடிய ஆள் அவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1962இல் கலாக்ஷேத்திரா திருவான்மியூருக்குப் போய்விட்டது. ருக்மிணி தேவி 1986 பிப்ரவரியில் மறைந்தார். மாண்டிசோரி அம்மையார் 1952 மே மாதம் ஹாலந்திலேயே கண்ணை மூடினார். அதற்கு முன் மூன்று முறை நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டிருந்தது. இன்று அடையாறிலும் பெசன்ட் நகரிலும் இரண்டு தெருவுக்கு ஒரு மாண்டிசோரி பலகை தொங்குகிறது. உள்ளே நல்ல வேலை செய்கிற ஆசிரியைகள் பலரை நான் அறிவேன். ஆனால் கட்டணத்தைப் பார்த்தால் ஊரூர் குப்பத்துப் பிள்ளை வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த முறை இது. போர் துரத்திய ஒரு பெண்மணி, கீற்றுக் குடிசைகளில் தங்கிப் பயின்றவர்களுக்கு நம்மூரில் சொல்லிக்கொடுத்த முறை. பணக்காரர் வீட்டுக்கு மட்டும் அது உரியதானதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தமிழ்நாட்டில் இன்னும் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. புழலும் கும்மிடிப்பூண்டியும் சென்னையிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரம்தான். அடையாறில் பயிற்சி பெற்று ஓய்வில் இருக்கும் ஆசிரியைகள் நம்மில் நிறையப் பேர். வாரத்தில் ஒரு நாள், ஒரு பெட்டி உப்புத்தாள் எழுத்துகளோடு அங்கே போய்வர முடிந்தவர்கள் சேர்ந்து வாருங்கள். உரிய அனுமதியைக் கேட்டு வாங்குவோம். குப்பத்து ஆயாக்களையும் கூட்டிக்கொண்டு போவோம்.